ஸ்டீரிங்குக்குக் கீழே

பிப்ரவரி 6, செவ்வாய்

தினமும் குடிக்கும் தண்ணீரையும் காலை எடையையும் எழுதி வைக்க வேண்டும் என்று டயாலிசிஸ் நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். நான் வேலை பார்த்த உரக் கம்பெனி, ஓய்வு பெற்ற பிறகும் வருடம் தவறாமல் டைரி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் பிரிக்காமல் கிடந்தவற்றில் ஒன்றை எடுத்தேன். தண்ணீருக்கு ஒரு வரி போதும். மிச்சப் பக்கம் வீணாகிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன்.

இன்று கோபியிலிருந்து ஈரோடு வரை குணவதியே காரை ஓட்டினாள். போகவும் வரவும் அவள்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வலதுபக்கமும் நான் இடதுபக்கமும் உட்கார்ந்து அவ்வளவு தூரம் போனது இதுதான் முதல் தடவை.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் எனக்கு டயாலிசிஸ். டிசம்பர் வரை நானே ஓட்டிக்கொண்டு போய் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் திரும்பும்போது கவுந்தப்பாடிக்கு முன்னால் வண்டி கொஞ்சம் ஒதுங்கி ஒரு குச்சிக்கிழங்குக் காட்டில் இறங்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. செடிகள் கொஞ்சம் சாய்ந்தன. கண் லேசாக இருட்டியது, அவ்வளவுதான். குணவதி அதை டாக்டரிடம் போய், "நெனவே இல்லாமப் போயிட்டாருங்க, நாந்தான் ஹேண்ட் பிரேக்க இழுத்தனுங்க" என்று சொல்லி வைத்தாள். இனி சாவியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆக்டிங் டிரைவர் வைத்துப் பார்த்தோம். முகூர்த்த நாளில் ஒருவனும் போனை எடுப்பதில்லை. சிறுநீரகம் முகூர்த்தம் பார்ப்பதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குணவதி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். எல்.எல்.ஆர் கையில் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் இருந்தால் அவள் ஓட்டலாம். அந்த ஒருவர் நான். என் கண் இருட்டுவதைப் பற்றிச் சட்டம் எதுவும் கேட்கவில்லை.

நான் ஆறடி. அவள் என் நெஞ்சு உயரம்கூட வர மாட்டாள். வெறும் சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டீரிங் வளையம் அவள் மூக்குக்கு நேரே நின்று ரோட்டை மறைக்கிறது. சோபா மெத்தை ஒன்று, அதன் மேல் தலையணை ஒன்று போட்டு ஏற்றி உட்கார வைத்தேன். அப்போது பெடல் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்தேன். அப்போது ஸ்டீரிங் அவள் நெஞ்சுக்கு ஒட்டி வந்துவிட்டது. ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இறக்க முடியாதா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஸ்டீரிங் எறங்காது புள்ள, நீதான் ஏறோணும்" என்றேன்.

முப்பது வருடம் ஜீப்பிலும் காரிலும் நாலு மாவட்டம் உரம் விற்றவன். வண்டியைப் பற்றி எனக்குச் சொல்லித் தர ஆள் வேண்டியதில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

சித்தோடு பக்கம் லாரிகள் நெருக்கும் இடத்தில் குணவதியின் உதடு அசைந்துகொண்டே வந்தது. கிளட்ச், கியர் என்று பாடம் சொல்லிக்கொள்கிறாளாக்கும் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால் முருகா முருகா.

வீட்டுக்கு வந்ததும் தலையணையை எடுத்து வெயிலில் போட்டாள். வேர்த்து நனைந்திருந்தது.

எனக்கு அலுப்பு. ரத்தத்தை வெளியே எடுத்து அலசி உள்ளே விடுகிறார்கள். பிழிந்துபோட்ட துணி மாதிரித்தான் வீட்டுக்கு வருகிறேன். நாளைக்கு ஒரு நாள் துணி காயும். அடுத்த நாள் திரும்பவும் போக வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைப்பது என் வேலை. அதை எந்த டாக்டரும் தடுக்கவில்லை. துடைத்து முடித்து டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி உள்ளே உட்கார்ந்தேன். சும்மாதான்.

சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை சட்டைப் பையிலிருந்து நழுவி பெடல் பக்கம் உருண்டது. குனிந்து எடுத்துவிட்டு நிமிரும்போது பிடிமானத்துக்காக ஸ்டீரிங் தண்டுக்கு அடியில் கை கொடுத்தேன். கைப்பிடி மாதிரி ஒன்று அகப்பட்டது. இழுத்தேன். டொம்மென்று ஸ்டீரிங் இறங்கி என் தொடைக்கு மேல் வந்து நின்றது.

உயிரே போய்விட்டது. ஒன்பது வருடம் கண்ணாக வைத்திருந்த வண்டியை ஒரு மாத்திரைக்காக உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன், வந்தது. அழுத்தினேன், இறங்கியது. கைப்பிடியை மேலே தள்ளினால் நின்ற இடத்தில் இறுகிக்கொள்கிறது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன். உடைசல் இல்லை. ஏற்றி இறக்குவதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

இந்த வண்டியை எனக்கு விற்ற ஆள் என்னைவிட உயரம். அவர் மேலே ஏற்றி வைத்திருக்க வேண்டும். எனக்கும் அது பொருந்திப் போனதால் அடியில் கைவிட்டுப் பார்க்கும் தேவை வரவில்லை. கம்பெனி ஜீப்பில் இதெல்லாம் கிடையாது.

குணவதி உயரத்துக்கு இறக்கி வைத்துப் பார்த்தேன். இப்படி இருந்தால் மெத்தை வேண்டாம், மெல்லிய தலையணை ஒன்று போதும். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம். பிரேக்கில் பாதம் முழுசாகப் பதியும். வளையத்துக்கு மேலாக ரோடு தெரியும், உள்ளே மீட்டரும் தெரியும்.

திரும்பவும் மேலே ஏற்றி இறுக்கி வைத்தேன். அவள் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலையாக இருப்பவளிடம் இதைப் போய்ச் சொல்வானேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் இப்போது சொல்லாமல் இருப்பதுதான் நல்லது. இந்த மாதக் கடைசியில் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஒரு மாதிரி பழகியவளுக்கு இந்த நேரத்தில் உயரத்தை மாற்றினால் குழப்பம்தான் வரும். டெஸ்ட் முடியட்டும்.

கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் வருவதுதான்.

பிப்ரவரி 15, வியாழன்

சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறந்துவிட்டது.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நேராகவே கேட்டேன், எப்போதிருந்து வண்டி ஓட்டலாம் என்று. அவர் மெஷினைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், கடைசியில் என் காலில் இருந்த வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "பார்க்கலாம் சார்" என்றார்.

கூடாது என்று அவர் சொல்லவில்லை. இதைக் குணவதியிடம் சொன்னேன். அவள் எனக்கு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சரிங்க மாமா என்று மட்டும் சொன்னாள்.

எதிர்க் கட்டிலுக்கு இன்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறாராம். எத்தனை மாதத்தில் இது சரியாகும் என்று என்னைக் கேட்டார். நர்ஸைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் சிந்துஜா வீடியோவில் வந்தாள். அம்மா இப்போது பெரிய டிரைவர் ஆகிவிட்டாளாம், ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறாளாம். நீங்க நிம்மதியா சாஞ்சு உக்காந்துட்டுப் போகலாம்ப்பா என்றாள். சிக்னல் சரியில்லை என்று போனைக் குணவதியிடம் கொடுத்துவிட்டேன்.

வண்டியைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்தேன். என்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. கிளட்ச்சை மிதித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் போட்டுப் பார்த்தேன். கையும் காலும் ஒன்றையும் மறக்கவில்லை. குணவதி சாப்பிடக் கூப்பிட வந்தவள், ஷெட் வாசலில் நின்றுவிட்டுக் கூப்பிடாமலே திரும்பிப் போனாள். கண்ணாடியில் பார்த்தேன்.

கைப்பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினேன்.

பிப்ரவரி 28, புதன்

குணவதி டெஸ்ட்டில் பாஸ். டிரைவிங் ஸ்கூல் வண்டியில்தான் ஓட்டிக் காட்டினாளாம். மைசூர்பா வாங்கி வந்து அக்கம்பக்கம் கொடுத்தாள். எனக்கு ஓரத்தில் கிள்ளி ஒரு துளி.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஸ்கூல் வண்டில ரோடு நல்லாத் தெரியுதுங்க மாமா. நம்ம வண்டிலதான் மறைக்குது."

"அது சின்ன வண்டி புள்ள" என்றேன்.

"அப்படீங்களா" என்றாள். நம்பிவிட்டாள்.

டெஸ்ட் முடிந்துவிட்டது, சொல்லலாம்தான். ஆனால் இப்போது சொன்னால் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று ஒரு கேள்வி வரும். இன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரிச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வர வேண்டும். பார்ப்போம்.

மார்ச் 5, செவ்வாய்

கவுந்தப்பாடியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வேகத்தடையில் நின்றது. குணவதி பிரேக்கை மிதித்தாள். தலையணை மேல் உட்கார்ந்தவளுக்கு விரல் நுனிதான் எட்டியது. அது வழுக்கிவிட்டது. டிரெய்லரின் பின்பக்கம் போய் மோதினோம். வேகம் அதிகமில்லை. பம்பர் உள்ளே போனது, கண்ணாடி முழுக்கக் கரும்புத் தோகை.

பெல்ட் போட்டுத்தான் இருந்தாள். பெல்ட் பிடித்து நிறுத்தவும் இடம் வேண்டும் இல்லையா. நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. நெஞ்சு போய் இடித்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

டிராக்டர்காரர் இறங்கி வந்தார். திட்டவில்லை. அவளை இறக்கி நிழலில் உட்கார வைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். வாங்கி முழுவதையும் குடித்துவிட்டேன்.

வேறு வண்டி பிடிக்கலாம் என்றேன். அவள் எழுந்து, தலையணையைத் தட்டிப் போட்டு, ஏறி உட்கார்ந்துவிட்டாள். மெசினு காத்திருக்காதுங்க மாமா என்றாள். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ஈரோடு வரைக்கும் ஓட்டினாள். கியர் மாற்றும்போது மட்டும் கையை எடுப்பாள். அப்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

நான் மெஷினில் கிடக்கும்போது அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. நன்றாகக் கன்றிப் போயிருக்கிறது என்றார்கள்.

இன்றைய தண்ணீர்க் கணக்கு தெரியாது.

மார்ச் 6, புதன்

கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள அவளால் முடியவில்லை. நான் வாரி விட்டேன். சடை கோணலாக வந்தது.

இனிமேல் தன்னால் ஆகாது என்றாள். உங்களை எங்கேயாவது கொண்டுபோய் மோதிவிட்டால் சிந்துஜாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றாள். அழவில்லை. அழுதால் நெஞ்சு வலிக்குமாம்.

"வண்டி என்னுங்க மாமா பண்ணும்? நான் குட்டையாப் பொறந்தது என்ற தப்புத்தானுங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

மார்ச் 7, வியாழன்

பம்பரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நானே ஓட்டினேன். வேறு வழியில்லை என்று சொன்னேன். அவளும் சரி என்று ஏறிக்கொண்டாள்.

சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து சாவியைத் திருகியபோது உடம்பில் வலி, வீக்கம் ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கால் பாலம், புளியமரங்கள், கவுந்தப்பாடி சந்தை எல்லாம் என் பக்கத்துக் கண்ணாடியில் ஓடின. இரண்டு மாதமாக இதற்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். அதை எழுத வெட்கமில்லை.

சித்தோடு வந்த பிறகுதான் கவனித்தேன். குணவதியின் வலது கை ஹேண்ட் பிரேக்கின் மேல் இருந்தது. வலிக்கிற பக்கத்துக் கை. வீட்டிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. கையை எடு புள்ள என்றேன். எடுக்கவில்லை. ரோட்டைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு எனக்கு ஓட்டிய மாதிரியே இல்லை.

டயாலிசிஸ் முடிந்து எழுந்து நின்றதும் தரை சாய்ந்தது. நர்ஸ் பிடித்துக்கொண்டாள். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. குணவதி தன் தம்பிக்குப் போன் போட்டாள். சேமலையப்பன் காங்கேயத்தில் கொப்பரை வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து எங்களைக் கொண்டுவந்து சேர்த்தான். பின் சீட்டில் படுத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 9, சனி

சேமலையப்பன் இன்றும் வந்தான். கூப்பிடும்போதெல்லாம் வருவதாகச் சொன்னான். மனதோடுதான் சொன்னான். ஆனால் வழி முழுக்க அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நாள் வர முடியும்? வாரம் மூன்று நாள், எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும்.

வண்டியைப் பட்டறையில் விட்டோம். திங்கட்கிழமை தருவார்களாம்.

மார்ச் 11, திங்கள்

பம்பர் மாற்றி வண்டி வந்துவிட்டது. குணவதியை ஷெட்டுக்குக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள். வந்து ஒரு தடவை பார் என்றேன்.

கைப்பிடியை இழுத்து ஸ்டீரிங்கை இறக்கிக் காட்டினேன். அவள் பயந்து பின்னால் போனாள். "பட்டறைல சொல்லி ஒனக்காகப் புதுசா மாட்டச் சொன்னேன்" என்றேன். பொய்தான். வாயில் அதுதான் வந்தது.

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிய தலையணையை மட்டும் வைத்து உட்கார வைத்தேன். முதலில் பிரேக்கை அடிவரை மிதிக்கச் சொன்னேன். பாதம் முழுசும் பதிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டை அதற்கேற்ப வைத்தேன். முதுகைச் சீட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் சிரமமில்லாமல் படிய வேண்டும். படிந்தது. நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் போக மிச்சம் இருந்தது. மீட்டர் தெரிகிறதா என்றேன். தெரிகிறது என்றாள். இறுக்கிவிட்டு, வளையத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓடும்போது மட்டும் இந்தக் கைப்பிடியைத் தொடவே கூடாது, நிற்கும்போதுதான் என்றேன். தலையாட்டினாள்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே படித்தேன், யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஒரு மாதமாக மனதுக்குள்ளேயே செய்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

ஷெட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எல்லாந் தெரியுதுங்க மாமா" என்றாள்.

மார்ச் 12, செவ்வாய்

குணவதி ஓட்டினாள். முருகா இல்லை. நடுவில் ஒரு இடத்தில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஒரு மாமாவைப் பற்றிப் பேசிச் சிரித்தாள். சிரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

வார்டில் நர்ஸிடம், டைல்ஸ் கடைக்காரரின் மனைவியிடம், கூட்டுகிற அம்மாவிடம்கூடச் சொன்னாள். எங்கூட்டுக்காரரு எனக்காக ஸ்டீரிங்கையே எறக்கி வெச்சுக் குடுத்துட்டாருங்க என்று. அவர்கள் எல்லோரும் கட்டிலில் கிடந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு புருஷன் எனக்கு வாய்க்கலியே என்று டைல்ஸ்காரர் மனைவி சொன்னாள். டைல்ஸ்காரர் என்னை முறைத்தார்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். மெஷின் ஓடும்போது குளிரும்.

மார்ச் 17, ஞாயிறு

சேமலையப்பன் சாப்பிட வந்தான். இரண்டு நாள் ஓடி வந்ததற்காகக் குணவதி நாட்டுக்கோழி அடித்திருந்தாள். சாப்பிட்டு எழுந்ததும் அவனை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள், ஸ்டீரிங்கைக் காட்ட. நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று.

அவன் சிரித்துவிட்டான். "அக்கா, இதென்ன புதுசா மாட்டுறது? கம்பெனிலிருந்தே இப்படித்தான் வருது. என்ற வண்டிலயும் இருக்குது. மச்சானு சும்மா ஒன்னய ஏமாத்தறாரு" என்றான். கேலியாகத்தான் சொன்னான். அதில் ஒன்றுமில்லை அவனுக்கு. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

குணவதி உள்ளே போனாள். பாத்திரம் கழுவினாள். துணி எடுத்தாள். சாயங்காலம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. "தை மாசக் கடைசில" என்றேன்.

உருவிக்கொண்டிருந்த கை நின்றது. தை மாதக் கடைசியிலிருந்து டிராக்டரில் மோதிய நாள் வரைக்கும் அவள் மனதில் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எண்ணி முடித்து அந்தக் கை நெஞ்சுக்குப் போனது. இன்னும் அங்கே நீலம் இருக்கிறது.

ஏதாவது திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் நல்லா ஓட்டிப் பழகீட்டா, நீங்க இனி எந்திரிக்க மாட்டீங்கன்னு ஆயிருமுன்னு பயந்துட்டீங்களா?" என்றாள்.

அப்படி ஒரு வார்த்தையை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"எனக்கும் அந்தப் பயந்தானுங்க. ஒவ்வொருக்காவும் அதுல ஏறி உக்காரறப்ப அதேதான். ஆனா நான் ஏறுனேன்" என்றாள்.

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 18, திங்கள்

தண்ணீர் அளவோடுதான். காலையில் இட்லி, மத்தியானம் ரசம். எல்லாம் நேரத்துக்கு வைத்தாள். பேசவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் நானே எழுந்து குளித்து, ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்துக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்தேன். அவளைக் காணோம். போ என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. சேமலையப்பனுக்குப் போன் போடலாமா, எந்த முகத்தோடு போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வராமல் போனாலும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு தடவை டயாலிசிஸ் தவறினால் நுரையீரலில் நீர் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னது அப்போது பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

ஷெட்டுக்குப் போனேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் இடதுபக்கக் கதவைத் திறந்தேன்.

இந்த டைரியில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இடதுபக்க சீட் ஒன்பது வருடமாக அவளுடையது. அவள் காலுக்கேற்ற மாதிரி முன்னால் இழுத்து வைத்தது. அவள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து நான் அதில் அப்படியே உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்தேன். இரண்டு முட்டியும் டேஷ்போர்டில் போய் இடிக்கும். டயாலிசிஸ் முடிந்து கால் நரம்பு இழுக்கும் நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சீட்டைப் பின்னால் தள்ளத் தெரியாதவன் இல்லை நான். நாலு நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோகிற இடத்தை எதற்காக என் அளவுக்கு மாற்ற வேண்டும் என்றுதான் இருந்தேன்.

இன்று உட்கார்ந்ததும் குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கிப் பின்னால் தள்ளினேன். வெகு நாள் அசையாமல் கிடந்ததால் முரண்டு பிடித்தது. இன்னொரு தடவை உந்தினேன். கடைசி வரைக்கும் போய் டக்கென்று நின்றது. காலை நீட்டினேன். முழுசாக நீட்ட முடிந்தது.

சத்தம் கேட்டுக் குணவதி திரும்பினாள். என் காலைப் பார்த்தாள். டேஷ்போர்டில் என் முட்டி உரசி உரசி வெளுத்துப்போயிருந்த இரண்டு இடத்தையும் பார்த்தாள்.

"பெல்ட்டப் போடுங்க மாமா" என்றாள்.

போட்டேன். வண்டியை எடுத்தாள்.